மக்களுக்குப் பிடிக்காத திட்டம், பக்கத்தில் தேர்தல்: ஆளும் கட்சிக்கு முன்னால் நான்கு வழிகள்

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு நண்பர்கள் தொலைபேசியில் அழைத்தார்கள். ஒருவர் வர்ஜீனியாவில் குடியரசுக் கட்சிக்காக வீடு வீடாகப் போய்க் கதவு தட்டுகிறவர். மற்றவர் எங்கள் நியூஜெர்சியில் ஜனநாயகக் கட்சிக்காக அதே வேலையைச் செய்கிறவர். இருவரும் தமிழர்கள், என்னைவிட இளையவர்கள். ஒருவரை ஒருவர் தெரியாது.

வர்ஜீனியாக்காரர் கேட்டார்: “அண்ணே, 2025 சட்டத்தைப் பத்தி வாசல்ல நின்னு வாயெடுத்தாலே மெடிகெய்ட் என்ன ஆகும்னுதான் கேக்கறாங்க. அதைப் பேசறதா, மழுப்பறதா, இல்ல வேற பேச்சுக்குத் தாவிடறதா?” அவர் சொன்னது 2025-இல் டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரி, செலவுச் சட்டத்தை. மெடிகெய்ட் என்பது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. நியூஜெர்சிக்காரரின் கவலை 2028 அதிபர் தேர்தலுக்குப் பிந்தியது. “நாங்க திரும்ப ஆட்சிக்கு வந்தா முதல் ரெண்டு வருஷத்துல பெரிசா ஒண்ணு செய்யணுமா? இல்ல 2030-க்குப் பயந்துகிட்டு சின்னச் சின்னதா செஞ்சுட்டுப் போகணுமா?”

இரண்டும் ஒரே கேள்விதான். கையில் ஒரு திட்டம் இருக்கிறது, மக்களுக்கு அது பிடிக்கவில்லை, தேர்தல் நெருங்குகிறது. என்ன செய்வது? இருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

நம் ஊர் வாசகர்களுக்கு முதலில் இரண்டு விளக்கம். நம் ஊரில் இடைத்தேர்தல் என்றால் காலியான ஒரு தொகுதிக்கு நடப்பது. அமெரிக்காவின் மிட்டெர்ம் வேறு. அதிபரின் நான்கு ஆண்டுப் பதவிக்காலத்தின் நடுவில் கீழவையின் 435 இடங்களுக்கும், செனட்டின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கும் நடக்கும் தேர்தல் அது. அடுத்தது 2026 நவம்பர் 3, அதற்கும் அடுத்தது நியூஜெர்சி நண்பர் சொன்ன 2030. இரண்டாவது, இந்தியாவில் 1985 முதல் கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். அமெரிக்காவில் அப்படி எதுவும் கிடையாது. கட்சி ஒரு பக்கம், உறுப்பினர் ஒரு பக்கம் என்று வாக்களிக்கலாம். அதனால் இந்த முடிவைத் தலைமை ஒருமுறை எடுக்கிறது, ஒவ்வொரு உறுப்பினரும் தனியாக ஒருமுறை எடுக்கிறார்.

## எதை வைத்து எடை போடுவது?

பலரும் முதலில் பார்ப்பது இடக்கணக்கை: இதனால் எத்தனை இடம் போகும்? இந்தக் கேள்வியில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. 1938 முதல் 2022 வரை நடந்த 22 மிட்டெர்ம் தேர்தல்களில் 20-இல் அதிபரின் கட்சி கீழவையில் இடங்களை இழந்தது. தப்பித்தவை 1998, 2002 இரண்டுதான். ஒன்று கிளின்டனைப் பதவி நீக்கம் செய்ய எதிர்க்கட்சி கிளம்பிய நேரம், மற்றது செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அடுத்த ஆண்டு. ஆகவே திட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓர் இழப்பு வரும். அதற்கு மேல் எவ்வளவு கூடுகிறது என்பதை மட்டுமே திட்டத்தின் கணக்கில் எழுத வேண்டும்.

அடுத்த அளவுகோலைத்தான் நான் முதலில் வைப்பேன். ஆட்சி போன பிறகு அந்தத் திட்டம் நிற்குமா? செனட்டில் சாதாரணமாக ஒரு மசோதாவை நகர்த்தவே 60 பேர் வேண்டும். பட்ஜெட் வழியாகக் கொண்டுபோனால் 51 போதும். அந்த வழியில் வந்த சட்டத்தை அதே வழியில் அடுத்தவர் 51 பேரை வைத்துப் பிய்த்தெறியலாம். பிய்த்தெறிய விடாமல் காப்பது மக்களின் பிடிப்பு மட்டும்தான்.

பிறகு வரிசை. பலன் முதலில் வருகிறதா, வலி முதலில் வருகிறதா, தேர்தல் அவற்றுக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறது? சொந்தக் கட்சிக்காரர்களின் சூட்டையும் பார்க்க வேண்டும். மிட்டெர்மில் வாக்களிக்க வருவோர் அதிபர் தேர்தலைவிடக் குறைவு, நம் ஆள் வீட்டிலேயே இருந்துவிட்டால் எதிராளி வெல்ல அது போதும்.

கடைசியாக, அந்தத் திட்டத்தால் யாருடைய மாத்திரை நிற்கும், யாருக்கு முதல்முறையாக மருத்துவர் கிடைப்பார் என்பது. தேர்தல் வியூகம் பேசுகிறவர்கள் இதைக் கடைசியில் வைப்பார்கள், அல்லது வைக்கவே மாட்டார்கள். நான் வைக்கிறேன்.

| தேர்தல் | ஆளும் கட்சி | திட்டத்தை என்ன செய்தார்கள் | கீழவை | மிஞ்சியது |
|---|---|---|---|---|
| 1994 | ஜனநாயகம் | பட்ஜெட்டை நிறைவேற்றினார்கள், மருத்துவக் காப்பீட்டைக் கைவிட்டார்கள் | 54 இழப்பு | பட்ஜெட் நின்றது, காப்பீடு 16 ஆண்டு தள்ளிப்போனது |
| 2006 | குடியரசு | ஓய்வூதிய மாற்றத்தைக் கைவிட்டார்கள் | 30 இழப்பு | ஒன்றுமில்லை |
| 2010 | ஜனநாயகம் | காப்பீட்டுச் சட்டத்தை நிறைவேற்றினார்கள் | 63 இழப்பு | சட்டம் இன்றும் இருக்கிறது |
| 2018 | குடியரசு | காப்பீட்டுச் சட்டத்தை ஒழிக்க முயன்று தோற்றார்கள், வரிக் குறைப்பை நிறைவேற்றினார்கள் | 40 இழப்பு | நிறுவன வரிக் குறைப்பு |
| 2022 | ஜனநாயகம் | நறுக்கி, பெயர் மாற்றி நிறைவேற்றினார்கள் | 9 இழப்பு | பாதி நின்றது, பாதி போனது |

இந்த எண்களை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. 2006-இல் ஈராக் போர் இருந்தது. 2022-இல் கருக்கலைப்பு உரிமை பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஜூன் 24-ஆம் தேதி வந்து களத்தையே மாற்றியது. திட்டம் பல காரணங்களில் ஒன்று.

## முதல் வழி: வருவது வரட்டும் என்று நிறைவேற்றுவது

1993 ஆகஸ்ட் 5 இரவு. கிளின்டனின் பட்ஜெட் கீழவையில் தொங்கிக்கொண்டிருந்தது. உயர் வருமானத்துக்கு 39.6 சதவீத வரி, பெட்ரோல் மீது கேலனுக்கு 4.3 சென்ட் கூடுதல் வரி. குடியரசுக் கட்சியில் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. பென்சில்வேனியாவின் மான்ட்கோமரி கவுன்டியிலிருந்து முதல்முறையாக வந்திருந்த மார்ஜரி மார்கோலிஸ்-மெஸ்வின்ஸ்கி, பணக்காரப் புறநகர்த் தொகுதி ஒன்றை 1,373 வாக்கு வித்தியாசத்தில் வென்றவர். வரி உயர்வை எதிர்ப்பேன் என்று தொகுதிக்குச் சொல்லியிருந்தார். அன்று இரவு அதிபரே அழைத்தார். அவர் வாக்கு இல்லாமல் மசோதா விழும் என்ற நிலை வந்தபோது போய் ஆதரவாக வாக்களித்தார். எதிர் வரிசையில் இருந்தவர்கள் கை அசைத்து “குட்பை மார்ஜரி” என்று கோஷம் போட்டார்கள். 218-க்கு 216. மறுநாள் செனட்டில் துணை அதிபர் கோரின் ஒற்றை வாக்கில் அது தப்பியது.

அடுத்த ஆண்டு அவர் தோற்றார். ஆனால் அந்த 39.6 சதவீதத்தை, காங்கிரஸைக் கைப்பற்றிய குடியரசுக் கட்சியால் 2001 வரை அசைக்க முடியவில்லை. 1998 முதல் 2001 வரை நான்கு ஆண்டுகள் பட்ஜெட்டில் உபரி வந்ததில் அந்தச் சட்டத்துக்கும் பங்கு உண்டு, தொழில்நுட்ப வளர்ச்சிக்கும் பங்கு உண்டு. ஒரு பதவிக்காலத்தைக் கொடுத்து எட்டு ஆண்டு நின்ற ஒன்றை வாங்கினார் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

2010 இன்னும் பெரிய கதை. ஒபாமாவின் காப்பீட்டுச் சட்டம் மார்ச் 21 அன்று 219-க்கு 212 என்று நிறைவேறியது. ஜனநாயகக் கட்சியிலேயே 34 பேர் எதிர்த்தார்கள். நவம்பரில் 63 இடங்கள் போயின. அந்த ஒரு வாக்கெடுப்பால் மட்டும் போனவை சுமார் 25 இடங்கள் என்று அரசியல் ஆய்வாளர்கள் கணித்தார்கள். மீதியை வேலையின்மையும் வழக்கமான சரிவும் கொண்டுபோயின.

அந்த அக்டோபரில் நானும் டெலவேர் ஆற்றைக் கடந்து பக்ஸ் கவுன்டிக்குக் கதவு தட்டப் போயிருந்தேன். அப்போது என்னிடம் இருந்தது கிரீன் கார்டு, வாக்குரிமை இல்லை. கால் நடக்கத் தடையில்லை அல்லவா, போனேன். லெவிட்டவுனில் ஒரு வீட்டு வாசலில் அறுபதை நெருங்கும் ஒரு அம்மா. கணவருக்குச் சர்க்கரை நோய், வேலை போனதோடு காப்பீடும் போயிருந்தது. நான் நீட்டிய நோட்டீஸை வாங்கி, கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி, ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு, “இவருக்கு எப்போ கிடைக்கும்?” என்றார். 2014 ஜனவரி என்றேன். இடைக்கால ஏற்பாடு ஒன்று உண்டு, ஆனால் ஆறு மாதம் காப்பீடே இல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சொன்னேன். அவர் நோட்டீஸை நான்காக மடித்து என் கையிலேயே வைத்தார். கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்றும் மறக்கவில்லை. அந்தத் தொகுதியின் உறுப்பினர் பேட்ரிக் மர்ஃபி சட்டத்தை ஆதரித்தவர், அந்த நவம்பரில் தோற்றார்.

இந்த வழியின் மறைமுகச் செலவு அங்கேதான் இருக்கிறது. சட்டத்தை நிறைவேற்றும் துணிச்சல் இருந்தும், பத்தாண்டுச் செலவுக் கணக்கு குறைவாகத் தெரிய வேண்டும் என்று முக்கியப் பலன்களை 2014-க்குத் தள்ளினார்கள். நடுவில் இரண்டு தேர்தல்கள் கடந்தன. வசவு முழுதும் உடனே வந்தது, வாழ்த்து வர நான்கு ஆண்டு ஆயிற்று. 2013 அக்டோபரில் அரசின் காப்பீட்டு இணையதளம் முதல் நாளே முடங்கியதும் சேர்ந்துகொள்ள, 2014-இல் செனட்டும் கையை விட்டுப் போனது.

ஆனாலும் சட்டம் நின்றது. 2017-இல் வெள்ளை மாளிகையும் இரு அவைகளும் குடியரசுக் கட்சியிடம் இருந்தும் அதை ஒழிக்க முடியவில்லை. அதற்குள் சுமார் 2 கோடிப் பேருக்குக் காப்பீடு வந்திருந்தது. ஜூலை 28 அதிகாலை, மூளைப் புற்றுநோய் உறுதியாகி இரண்டு வாரம்கூட ஆகாத அதே கட்சிச் செனட்டர் ஜான் மக்கேன் செனட் மேசை முன் வந்து கட்டை விரலைக் கீழே காட்டினார். 49-க்கு 51. மக்கள் கையில் ஏறிவிட்ட ஒன்றைப் பறிக்கப் போனவர்களுக்கு அடுத்த ஆண்டு 40 இடம் போனது.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? கையில் கிடைத்த பிறகு மக்கள் விட மாட்டார்கள் என்று உறுதியாகத் தெரியும் திட்டத்துக்கு. வரிக் குறைப்பை ஒருவர் நிறைவேற்றிவிட்டு, எல்லாரும் ஒருநாள் புரிந்துகொள்வார்கள் என்று காத்திருப்பதற்கு இந்த உதாரணம் பொருந்தாது. சிகிச்சை, ஓய்வூதியம், பள்ளிக்கூடம் மாதிரி வீட்டுக்குள் வந்து உட்காரும் விஷயமாக இருக்க வேண்டும்.

## இரண்டாவது வழி: நறுக்குவது, பெயர் மாற்றுவது

2021-இல் பைடனின் பெரிய திட்டம் 3.5 லட்சம் கோடி டாலர் என்று தொடங்கியது. இலையுதிர் காலத்தில் 1.75 லட்சம் கோடி ஆனது. நவம்பரில் கீழவை நிறைவேற்றியது. டிசம்பர் 19 அன்று பைடன் கட்சியிலேயே இருந்த மேற்கு வர்ஜீனியா செனட்டர் ஜோ மான்சின் தொலைக்காட்சியில் வந்து, என்னால் முடியாது என்றார். ஏழு மாதம் கழித்து அதே மான்சினோடு பேசி, இளைத்த உருவத்தில், ‘பணவீக்கக் குறைப்புச் சட்டம்’ என்ற பெயரில் திரும்ப வந்தது. 2022 ஆகஸ்ட் 16-இல் பைடன் கையெழுத்திட்டார்.

மிஞ்சியதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் இருப்பவர்களுக்கு இன்சுலின் மாதம் 35 டாலர். மருந்துக்குக் கைக்காசு ஆண்டுக்கு 2,000 டாலருக்கு மேல் போகாது என்ற வரம்பு 2025-இல் வந்தது. மருந்து விலையை நிறுவனங்களோடு பேரம் பேச மெடிகேருக்கு முதல்முறையாக உரிமை கிடைத்து, முதல் 10 மருந்துகளின் புது விலை 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

வெட்டியதில் போனது எது? குழந்தைகளுக்கான மாதப் பணம். 2021 ஜூலை முதல் டிசம்பர் வரை, ஆறு வயதுக்குக் கீழே இருந்தால் மாதம் 300 டாலர், மேலே இருந்தால் 250. அந்த ஆண்டு குழந்தை வறுமை, அரசு உதவிகளையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கில், 5.2 சதவீதத்துக்கு இறங்கியது. நிறுத்திய அடுத்த ஆண்டே 12.4. இதைவிடத் தெளிவாக ஓர் அரசுத் திட்டம் வேலை செய்து நான் பார்த்ததில்லை. பலனை உடனே கொடுத்தால் மக்கள் காப்பாற்றுவார்கள் என்று சற்று முன் சொன்னேனே, இது அதற்கு எதிரான சாட்சி. ஆறு மாதம் போதவில்லை. பழக்கமாகும் முன்பே நின்றுவிட்டது, தெருவில் யாரும் இறங்கவில்லை.

இதில் இன்னொரு செலவும் உண்டு. நறுக்கும்போது முதலில் காலத்தைத்தான் வெட்டுவார்கள், எழுதும் நேரத்தில் அது யார் கண்ணையும் உறுத்தாது. தொகையைக் குறைக்க மனமில்லாமல் 10 ஆண்டை 3 ஆண்டாக்குவார்கள். காப்பீட்டுக் கட்டணத்துக்கான கூடுதல் மானியத்தை அந்தச் சட்டம் 2025 இறுதி வரை மட்டும் நீட்டித்தது. அந்தத் தேதி வந்தபோது ஆட்சியில் இருந்தது எதிர்க்கட்சி. 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் அரசே முடங்கியது, அதுவரை அமெரிக்க வரலாற்றிலேயே நீண்ட முடக்கம், மையப் பிரச்சினை அந்த மானியம். அப்படியும் டிசம்பர் 31-ஆம் தேதியோடு அது காலாவதியானது.

பெயரைப் பற்றி ஒரு வரி போதும். தான் வைத்த பெயர் சட்டத்தின் உள்ளடக்கத்தைச் சொல்லவில்லை என்று பைடனே 2023-இல் வருந்தினார். 2025 சட்டத்துக்கும் சில வாரங்களிலேயே ‘உழைக்கும் குடும்பங்களுக்கான வரிக் குறைப்பு’ என்று புதுப் பெயர் தேடினார்கள்.

நறுக்குவது நல்ல வழிதான், முதல் ஆண்டிலேயே நறுக்கினால். பதினெட்டு மாதம் உள்கட்சிச் சண்டையைத் தொலைக்காட்சியில் நடத்திவிட்டு நறுக்கினால், கிடைத்ததைவிட வெட்டியதுதான் ஊர் வாயில் நிற்கும்.

## மூன்றாவது வழி: வலியைத் தேர்தலுக்கு அப்பால் தள்ளுவது

வர்ஜீனியா நண்பரின் சிக்கல் இதில்தான் இருக்கிறது. 2025 ஜூலை 4-இல் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் செனட்டில் 51-50, கீழவையில் 218-214 என்று நிறைவேறியது. அதன் நாள்காட்டியைப் பாருங்கள். டிப்ஸ், ஓவர்டைம் மீதான வரிச் சலுகை, முதியவர்களுக்கு 6,000 டாலர் கழிவு எல்லாம் 2025-ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்தே தொடங்கின, அதாவது 2026 வசந்தத்தில் வரி தாக்கல் செய்யும்போதே கையில் கிடைக்கும். மெடிகெய்ட் வாங்கும் 19 முதல் 64 வயது வரையிலானோர் பலர் மாதம் 80 மணி நேரம் வேலையோ, படிப்போ, சேவையோ செய்ததாக நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனைக்குக் கடைசித் தேதி 2027 ஜனவரி 1. தேர்தல் முடிந்து எட்டு வாரம் கழித்து. மாநிலங்கள் மருத்துவமனைகளிடம் வரி வாங்கி மெடிகெய்டுக்குப் பணம் திரட்டும் முறை மீதான வெட்டு அதற்கும் பின்னால். கிராமப்புற மருத்துவத்துக்கென்று ஐந்து ஆண்டுக்கு 5,000 கோடி டாலர் நிதி ஒன்றும் வைத்தார்கள். அது 2026-லேயே தொடங்குகிறது.

தேர்தல் கணக்காகப் பார்த்தால் 1988-இல் செய்த தவறைத் திருப்பிப் போட்டது மாதிரி இருக்கிறது. அந்த ஆண்டு மெடிகேருக்குப் பெருநோய்ச் செலவுப் பாதுகாப்பு என்று ஒரு சட்டம் இரு கட்சி ஆதரவோடு வந்தது. வசதியுள்ள முதியவர்களிடம் கூடுதல் கட்டணம் 1989-லேயே தொடங்கியது, பலன்கள் படிப்படியாக 1993 வரை. சட்டத்தை நடத்திவைத்த குழுத் தலைவர் டான் ராஸ்டென்கோவ்ஸ்கியின் காரை சிகாகோவில் அவருடைய சொந்தத் தொகுதி முதியவர்களே மறித்துத் தட்டினார்கள், அவர் இறங்கி ஓடினார். 1989 முடிவதற்குள் சட்டம் ரத்தானது. கட்டணத்தை முன்னால் வைத்து மருந்தைப் பின்னால் வைத்தால் என்ன நடக்கும் என்பதை வாஷிங்டன் அன்று கற்றுக்கொண்டது. அதிலிருந்து இரண்டு கட்சிகளுமே தேதிகளோடு விளையாடுகின்றன. ஒபாமா நிர்வாகமும் 2013-இல், நிறுவனங்கள் ஊழியருக்குக் காப்பீடு தர வேண்டும் என்ற கட்டாயத்தை 2014 தேர்தலைத் தாண்டி 2015-க்குத் தள்ளியது.

தள்ளி வைப்பதன் செலவுகள் மூன்று வகையில் வரும். தேதி ரகசியமில்லை, எதிர்க்கட்சி அதைச் சுவரொட்டியில் அச்சடிக்கும். வராத வலிக்கும் பயம் உண்டு. நண்பர் வாசலில் கேட்கும் மெடிகெய்ட் கேள்வி அந்தப் பயம்தான். அடுத்தது, தள்ளி வைத்த வலி சில சமயம் வராமலே போகும். விலையுயர்ந்த காப்பீடுகள் மீதான 40 சதவீத வரியை ஒபாமா சட்டம் 2018-க்குத் தள்ளியது. பிறகு 2020, பிறகு 2022, கடைசியில் 2019 டிசம்பரில் ரத்து. சட்டத்துக்கு வருமானம் தர வேண்டிய தூண்களில் ஒன்று அப்படி விழுந்தது.

மூன்றாவதுதான் என்னை உறுத்துவது. ஆர்கன்ஸாஸ் மாநிலம் 2018-இல் இதே மாதிரி 80 மணி நேர நிபந்தனையை மெடிகெய்டில் வைத்துப் பார்த்தது. சில மாதங்களில் 18,000 பேருக்கு மேல் காப்பீட்டை இழந்தார்கள். பலர் உண்மையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள். கணக்குச் சொல்ல வேண்டிய இணையதளம் இரவு 9 மணிக்கு மூடிவிடும், காலை 7-க்குத்தான் திறக்கும். இரவு ஷிஃப்டு முடித்து வருகிறவர், கணினியே இல்லாதவர் என்ன செய்வார்? 2019 மார்ச்சில் நீதிபதி ஒருவர் நிறுத்திய பிறகுதான் அது நின்றது. 2025 சட்டத்தால் 2034-க்குள் காப்பீடு இல்லாதவர் எண்ணிக்கை சுமார் 1 கோடி கூடும் என்பது காங்கிரஸின் சொந்தப் பட்ஜெட் அலுவலகத்தின் கணக்கு. வாக்காளர் தீர்ப்புச் சொன்ன பிறகே வலி வரும்படி தேதி குறிப்பது, பாதிக்கப்படப் போகிறவரிடமிருந்து அவர் வாக்கின் பாதி மதிப்பை முன்கூட்டியே எடுத்துக்கொள்வது. இதை எந்தக் கட்சி செய்தாலும் என்னால் நியாயப்படுத்த முடியாது.

ஒரே ஒரு நிலையில் தள்ளி வைப்பது சரி: நிர்வாகம் தயாராகவே இல்லாதபோது. கணினியும் ஆட்களும் இல்லாமல் தொடங்கி முடங்குவதைவிட ஓர் ஆண்டு பொறுப்பது மேல்.

## நான்காவது வழி: கைவிடுவது

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1993 செப்டம்பரில் கிளின்டன் அறிவித்த காப்பீட்டுத் திட்டம் ஓராண்டு இழுத்து, 1994 செப்டம்பர் 26 அன்று செனட் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஜார்ஜ் மிட்செல் கைவிடுவதாக அறிவித்தார். ஆறு வாரம் கழித்துத் தேர்தல். கைவிட்டதற்காக ஒருவரும் நன்றி சொல்லவில்லை. 54 இடம் போனது, 40 ஆண்டுக்குப் பிறகு கீழவை கை மாறியது, சபாநாயகர் டாம் ஃபோலியே தன் தொகுதியில் தோற்றார். திட்டத்தின் மீதான வெறுப்பு தங்கியது, திட்டம் தங்கவில்லை.

2005-இல் புஷ் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தின் ஒரு பகுதியைத் தனியார் கணக்குகளுக்கு மாற்றப் புறப்பட்டார். 60 நாளில் 60 ஊர் என்று சுற்றினார். சுற்றச் சுற்ற எதிர்ப்பு கூடியது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்துக்குள், வாக்கெடுப்புக்கே வராமல், பேச்சு அடங்கிவிட்டது. 2006-இல் கட்சி இரு அவைகளையும் இழந்தது, ஆனால் அதற்குப் போரே முதல் காரணம். கைவிடத்தான் வேண்டும் என்றால் இப்படி ஓர் ஆண்டு முன்னதாக, யார் பெயரும் வாக்குப் பதிவேட்டில் ஏறாமல் கைவிட வேண்டும்.

சொந்தக் கட்சி எண்ணிக்கையே இல்லாதபோதும், திட்டமே தவறு என்று மனதுக்குத் தெரிந்தபோதும் இதுதான் வழி. இரண்டாவதை ஒப்புக்கொள்ளும் தலைவர்கள் குறைவு.

## தனி உறுப்பினர் தப்பிக்கலாமா?

எங்கள் நியூஜெர்சியின் 2018-ஐப் போல இதைச் சொல்லிக்கொடுக்கும் பாடம் வேறில்லை. இங்கே சொத்து வரி அதிகம். 2017 வரிச் சட்டம், மாநில, உள்ளூர் வரிகளுக்கான கழிவை 10,000 டாலரோடு நிறுத்தியது, நடுத்தர வீடுகளே அடிபட்டன. மாநிலத்தின் 12 இடங்களில் குடியரசுக் கட்சிக்கு 5 இருந்தன.

டாம் மக்ஆர்தர் காப்பீட்டுச் சட்ட ஒழிப்பு மசோதாவுக்கு உயிர் கொடுத்த திருத்தத்தை எழுதியவர். வரிச் சட்டத்துக்கு நியூஜெர்சி குடியரசுக் கட்சியிலிருந்து ஆதரவளித்த ஒரே ஆள். 2017 மே மாதம் வில்லிங்பரோவில் அவர் நடத்திய மக்கள் கூட்டம் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் நீண்டது, அவரும் கடைசி வரை நின்று பதில் சொன்னார். ஆண்டி கிம்மிடம் தோற்றார். லெனார்ட் லான்ஸ் இரண்டுக்கும் எதிராக வாக்களித்தவர். அவரும் தோற்றார். கிறிஸ் ஸ்மித் இரண்டையும் எதிர்த்தார், ஜெயித்தார். அவருடைய தொகுதி கட்சிக்கு முன்பே உறுதியானது. 5 இடம் 1 ஆனது, மிஞ்சியது அவர் மட்டும்.

லான்ஸின் தொகுதியில் எனக்கு நண்பர்கள் உண்டு. “மனுஷன் நல்லவர்தான், ஆனா அவர் ஜெயிச்சுப் போனா சபாநாயகர் அவங்க ஆளாத்தானே வருவார்” என்று ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது. விளிம்புத் தொகுதியில் வாக்காளர் கட்சியைப் பார்த்துத்தான் குத்துகிறார். எதிர்த்து வாக்களித்தால் மனச்சாட்சி மிஞ்சும். அதற்காகச் செய்யலாம், நாற்காலிக்காகச் செய்தால் ஏமாற்றம்தான். குடியரசுக் கட்சியின் வட கரோலினா செனட்டர் தாம் டில்லிஸ் 2025-இல் மெடிகெய்ட் வெட்டை எதிர்த்தார், மறுபடி போட்டியிடப் போவதில்லை என்றும் கூடவே அறிவித்துவிட்டார்.

## இருவருக்கும் நான் சொன்னது

நியூஜெர்சி தம்பிக்கு: பெரிதாக ஒன்றே ஒன்று செய்யச் சொல்லுங்கள், முதல் ஆண்டில். அதன் பத்துப் பகுதியில் ஆறைக் கைவிடுவதாக இருந்தால் அதையும் முதல் ஆண்டிலேயே. அடுத்த தேர்தலுக்கு ஓர் ஆண்டு முன்பாவது மக்கள் கையில் அது இருக்க வேண்டும், முடிவுத் தேதி எழுதாமல் இருக்க வேண்டும். செலவுக் கணக்கு பெரிதாகத் தெரிந்தால் தெரியட்டும், வரியையும் சேர்த்து எழுதட்டும். இடம் போகும். எத்தனை போனாலும் 2010-இல் கிடைத்தது போன்ற ஒன்று மிஞ்சினால் நான் அதை ஏற்றுக்கொள்வேன்.

வர்ஜீனியா தம்பிக்குச் சொன்னது வேறு. சட்டம் முடிந்துவிட்டது, நறுக்கவோ கைவிடவோ அவர் கையில் இல்லை. வரிச் சலுகையை அவர் நம்புகிறார், அதைத் தாராளமாகப் பேசட்டும். மெடிகெய்ட் கேள்வி வந்தால் மழுப்ப வேண்டாம், தேதியைச் சொல்லிவிடு என்றேன். கேட்கிறவருக்கு உன் கட்சியைவிட அந்தத் தேதி முக்கியம்.

போன வாரம் மறுபடி பேசினார். கட்சி நோட்டீஸோடு ஒரு தாளையும் கொடுக்கத் தொடங்கியிருக்கிறாராம். மேலே பெரிய எழுத்தில் ஜனவரி 1. கீழே, மாதம் 80 மணி நேரம், சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், கர்ப்பிணிகளுக்கும் 13 வயது வரை பிள்ளை உள்ளவர்களுக்கும் கடும் நோயாளிகளுக்கும் விலக்கு உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். கூடக் கதவு தட்டும் சிலருக்கு இது பிடிக்கவில்லை. “தேதியை நாமளே ஏன் ஞாபகப்படுத்தணும்?” என்று கேட்டார்களாம். முதல் 200 பிரதி தீர்ந்துவிட்டது, சனிக்கிழமைக்குள் இன்னும் 300 எடுக்கப் போகிறேன் என்றார்.